தடைக்கும் கடைக்கும் நடுவே

1997-ஆம் ஆண்டு இந்தியா முழுவதிலும் நோயாளிகளுக்குத் தரப்பட்ட மார்ஃபினின் மொத்த எடை சுமார் 18 கிலோ. நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த மக்கள்தொகைக்கு அவ்வளவுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1985-ல், அது பல நூறு கிலோவாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் புற்றுநோய் குறைந்துவிடவில்லை. அபினிக்கும் தட்டுப்பாடு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர், நீமச் மாவட்டங்களிலும் ராஜஸ்தானின் சித்தோர்கரிலும் அரசு உரிமத்தோடு அபினிச் செடி பயிராகிக்கொண்டுதான் இருந்தது. (நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா அதே செடியின் விதைதான்.) காசிப்பூரிலும் நீமச்சிலும் இருந்த அரசுத் தொழிற்சாலைகள் வழியாக அந்த அபினி வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதியும் ஆயிற்று. இடையில் வந்தது ஒரு சட்டம். 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். வழக்கறிஞர்களும் காவலர்களும் என்.டி.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

அந்தச் சட்டத்தில் மார்ஃபினை மருத்துவத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை அதை வாங்க நான்கைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. அவற்றை வெவ்வேறு அலுவலகங்களில் பெற வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்கவும் வேண்டியிருந்தது. ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்று காலாவதியாகும். கணக்கில் பிழை நேர்ந்தால் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்ற பயம் மருந்தாளுநர்களைப் பிடித்துக்கொண்டது. மருந்துக் கடைகள் மார்ஃபின் வாங்குவதை நிறுத்தின. மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுக்கவே கற்றுக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இருபது ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதானது. அதற்குள் எத்தனை பேர் எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியோடு, பாராசிட்டமாலை மட்டும் விழுங்கிச் செத்தார்கள் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை.

போதைப்பொருள் தடை பற்றிய விவாதத்தை நான் இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. தடைச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் அது பிடித்த கடத்தல்காரர்களைக் கணக்குக் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் அது பறித்த தனிமனித உரிமையைச் சொல்வார்கள். அந்தச் சட்டம் யாரை மனத்தில்கூட நினைக்கவில்லையோ, அவர்கள்மேல் விழுந்த அடி இந்த இரண்டு கணக்கிலும் வருவதில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ‘விற்பவனையும் வாங்குபவனையும் உள்ளே தள்ளு’ என்பது ஒன்று. ‘கனடாவைப் பார், திறந்துவிட்டு வரி போடு’ என்பது மற்றது. இரண்டும் பொருளையே பார்க்கின்றன. அந்தப் பொருளை வைத்து ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. புகைப்பவர், பொட்டலம் சுமப்பவர், அதில் கோடி சேர்ப்பவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே சட்டம் பொருந்தாது. பயன்படுத்துபவரைத் தண்டிக்கக் கூடாது. லாபத்துக்கு விற்கும் உரிமையை யாருக்கும், அரசுக்கும்கூட, தரக் கூடாது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களை மூன்று இடங்களின் வரலாற்றிலிருந்து எடுக்கிறேன்: இந்தியாவின் கஞ்சா, போர்ச்சுகலின் ஹெராயின், தமிழ்நாட்டின் சாராயம்.

ஏழு தொகுதி அறிக்கை

1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவாளரான வில்லியம் கெய்ன் ஒரு கேள்வி எழுப்பினார். வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதும் விற்பதும் மக்களின் ஒழுக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது கேள்வியின் சாரம். இந்திய அரசு அந்த ஜூலையில் ஓர் ஆணையம் அமைத்தது. மெக்வொர்த் யங் தலைவர். உறுப்பினர்கள் ஏழு பேரில் மூவர் இந்தியர். மாகாணம் மாகாணமாகச் சுற்றி 1,193 சாட்சிகளைக் கேட்டார்கள். மருத்துவர்கள், ஆட்சியர்கள், வணிகர்கள், சாதுக்கள், பயிரிடுபவர்கள் எல்லாரும் அதில் இருந்தனர். மூவாயிரம் பக்கங்களைத் தாண்டிய அறிக்கை 1894-ல் ஏழு தொகுதிகளாக வந்தது.

அதில் மனநலக் காப்பகங்களைப் பற்றிய பகுதியை இன்றைய சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கஞ்சா பைத்தியத்தை உண்டாக்கும் என்பது அன்றைய பொதுக் கருத்து. அதற்கு ஆதாரம் காப்பகங்களின் ஆண்டறிக்கைப் புள்ளிவிவரம். ஆணையம் அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே ஏற்கவில்லை. ஒரு வருடத்தில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்று தேடியது. ‘நோய்க்குக் காரணம்’ என்ற கட்டத்தைப் பெரும்பாலும் விசாரணை எதுவும் இல்லாமல், அழைத்து வந்த காவலர் சொன்னதை வைத்தே நிரப்பியிருந்தார்கள். ஊர்பேர் தெரியாத நாடோடி என்றால் ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவது வழக்கமாகியிருந்தது. அந்த எண்ணிக்கை கூட்டப்பட்டு, அச்சாகி, மருத்துவ உண்மையாகி, லண்டன்வரை போயிருந்தது.

மிதமான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை, மிகையான பயன்பாடு தீங்கானது, முழுத் தடை தேவையில்லை, தடுத்தால் மக்கள் இதைவிட மோசமானதைத் தேடிப் போவார்கள் என்று ஆணையம் முடிவு சொன்னது. உரிமம், வரி, வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. காலனி அரசுக்குக் கஞ்சா வரியில் வருமானம் இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அந்த நலன் முடிவில் கலந்திருக்கலாம். ஆனாலும் சாட்சியங்களைச் சேகரித்துச் சோதித்த விதத்தில் அதற்கு இணையான ஓர் அறிக்கையை இந்தப் பொருளில் சுதந்திர இந்தியா இன்றுவரை எழுதவில்லை.

1961-ல் போதைப்பொருட்கள் பற்றிய ஐ.நா. ஒற்றை உடன்படிக்கை உருவானபோது கஞ்சாவும் ஹெராயினும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டன. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்து இரண்டு சலுகைகளைப் பெற்றது. செடியின் இலையும் விதையும் ‘கஞ்சா’ என்ற வரையறைக்குள் வராது என்பது முதலாவது. மருத்துவம் சாராத பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர 25 ஆண்டு அவகாசம் என்பது இரண்டாவது. அந்த முதல் சலுகையால்தான் வாரணாசியிலும் ஜெய்சல்மேரிலும் இன்றைக்கும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் இருக்கின்றன. ஒரே செடியின் இலையை அரைத்துக் குடித்தால் சிவராத்திரிப் பிரசாதம். அதே செடியின் பூங்கொத்தை உலர்த்திப் புகைத்தால் குற்றம். சித்த மருத்துவர்கள் சிவமூலி என்று அழைத்து வந்த மூலிகைக்கு இது நேர்ந்தது.

அவகாசம் முடியும் தறுவாயில், 1985 ஆகஸ்ட் 23 அன்று மசோதா மக்களவையில் அறிமுகமானது. செப்டம்பர் 16-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். நூறு ஆண்டுக்கு முன் வெள்ளைக்காரன் ஏழு தொகுதி எழுதிய விஷயத்தை நாம் ஒரு மாதத்துக்குள் முடித்தோம். அதுவரை இருந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே மூன்றாண்டுதான், மீண்டும் செய்தால் நான்கு. புதிய சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்திலிருந்து இருபது ஆண்டு என்றது. 1989-ல் இரண்டாம் முறை பிடிபடும் சில குற்றங்களுக்குக் கட்டாய மரண தண்டனையையும் சேர்த்தார்கள். 2011-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டாயம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

யார் மாட்டிக்கொள்கிறார்கள்

சட்டம் நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். 2001 திருத்தத்துக்குப் பிறகு எல்லாம் எடைக் கணக்கு. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் ‘சிறு அளவு’, 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. ஹெராயினுக்கு முறையே 5 கிராம், 250 கிராம். வணிக அளவு என்று வழக்குப் பதிவானால் 37-ஆம் பிரிவு வந்து நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் மட்டுமே ஜாமீன். வழக்கு விசாரணையே தொடங்காத கட்டத்தில் நிரபராதி என்று எப்படித் தோன்றும்? பொருள் கையில் இருந்தால் குற்ற நோக்கமும் இருந்தது என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை சிக்கியவரின் தலையில். அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே ஒப்புதலாக வைத்துத் தண்டிக்கும் வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ‘தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில் 2020 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது.

27-ஆம் பிரிவு தனி. அது பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது. ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை, மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை. கேட்கச் சிறிய தண்டனையாகத் தெரியும். ஆனால் பத்தொன்பது வயது பாலிடெக்னிக் மாணவனுக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை போதும். பாஸ்போர்ட்டுக்கு, அரசு வேலைக்கு, நன்னடத்தைச் சான்றுக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் அது அவனுக்கு முன்னால் போய் நிற்கும். அதைவிட மோசமானது, சிறைக்குள் அவன் சந்திக்கும் ஆட்கள். வெளியே வரும்போது அவனுக்குப் புதிய தொடர்புகள் இருக்கும், பழைய படிப்பு இருக்காது.

தமிழ்நாட்டுக்குள் வரும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது. அங்கே பயிரிடுபவர்கள் பழங்குடியினர். ரயிலில் பையோடு உட்கார்ந்து வருபவர்கள் சில ஆயிரம் ரூபாய்க் கூலிக்குச் சுமப்பவர்கள். ‘கஞ்சா வேட்டை’ என்று பெயரிட்டுக் காவல்துறை நடத்தும் நடவடிக்கைகளில் செய்தித்தாள் படங்களில் தரையில் குத்தவைத்திருப்பவர்களைப் பாருங்கள்; பெரும்பாலும் இவர்கள்தான். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் டால்க் கற்கள் என்ற பெயரில் வந்த கொள்கலன்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அந்த வணிகத்தின் உச்சியில் இருப்பவர்கள் எவரும் ரயில் நிலையத்தில் பிடிபட மாட்டார்கள். அவர்களைப் பிடிக்கப் பணத்தின் தடத்தைத் தொடர வேண்டும். அது மெதுவான, படித்த ஆட்கள் தேவைப்படுகிற வேலை. ஐம்பது கிராம் பொட்டலம் வைத்திருப்பவனைப் பிடிப்பது எளிது. மாத இலக்கும் நிறைவேறும்.

இவ்வளவு கடுமைக்குப் பிறகு பயன்பாடு குறைந்ததா? எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் கஞ்சாவின் ஏதோ ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி. அபினி, ஹெராயின், வலி மாத்திரைகள் ஆகிய ஓபியாய்டு வகையைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.26 கோடி. என்னை உறுத்துவது இரண்டாவது எண்ணுக்குள் இருக்கும் ஒரு மாற்றம். 2004-ல் வந்த முந்தைய கணக்கெடுப்பில் ஹெராயினைவிட அபினி பயன்படுத்தியவர்களே அதிகம். 2019-ல் ஹெராயின் முந்திவிட்டது. வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் நாக்கில் வைத்துக்கொண்டது போய், இளைஞர்கள் அலுமினியத் தாளில் சூடேற்றி இழுப்பதும் நரம்பில் ஏற்றுவதும் வந்துவிட்டது.

இதன் காரணம் கடத்தலின் கணக்கிலேயே இருக்கிறது. பிடிபட்டால் தண்டனை பெரிது என்றால், கடத்துபவன் இடத்தை அடைக்காத, மணக்காத, குறைந்த எடையில் அதிக லாபம் தருகிற பொருளைத் தேடுவான். கஞ்சாவுக்கு மூட்டை வேண்டும், வாசனையும் காட்டிக் கொடுக்கும். ஹெராயின் சட்டைப் பையில் அடங்கும். பஞ்சாபில் உழவர்களும் லாரி ஓட்டுநர்களும் ‘புக்கி’ என்ற அபினிக்காய்த் தோலைத் தேநீராகக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள். ராஜஸ்தானில் அதை விற்ற உரிமம் பெற்ற கடைகளும் 2010-களின் நடுவில் மூடப்பட்டன. பஞ்சாப் இன்று ‘சிட்டா’ என்ற ஹெராயினோடு போராடிக்கொண்டிருக்கிறது. பாட்டியாலாவின் இதயநோய் மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தரம்வீர் காந்தி, மென்மையான மரபுப் பொருட்களைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்க 2016-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தது இதைக் கண்ணால் பார்த்துத்தான். அமெரிக்காவில் இந்த ஓட்டம் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டுவரை போய்விட்டது. 2021 முதல் 2023 வரை ஒவ்வோராண்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அளவு மீறிய போதையால் அங்கே இறந்தார்கள்.

இங்கும் அதே கதைதான். 2018-ல் டிரமடால் என்ற வலி மாத்திரை என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பிற ஊர்களிலும் டபென்டடால் என்ற வேறொரு வலி மாத்திரை இளைஞர்கள் கைக்கு வந்தது. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மாவுப் பொருட்கள் இருக்கும்; அவை ரத்தக் குழாயை அடைக்கும், கையில் சீழ் வைக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-சி. கஞ்சாவோடு நின்றிருக்கக்கூடிய சில பிள்ளைகள் இந்த ஊசிக்குப் போனதற்கு, சோதனையில் மாட்டாத போதை எது என்ற தேடலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

லிஸ்பன் செய்தது, ஓரிகன் செய்யாதது

1990-களின் இறுதியில் போர்ச்சுகலின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. அதில் நூற்றில் ஒருவர் ஹெராயினில் விழுந்திருந்தார் என்று மதிப்பிடப்பட்டது. ஏழை, பணக்காரர் வேறுபாடில்லாமல் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரைக் காட்ட முடிந்தது. அதனால்தான் அரசியல் மாற்றம் சாத்தியமாயிற்று என்று அந்தக் கொள்கையின் முகமாக அறியப்படும் மருத்துவர் ஜுவாவ் கூலாவ் விளக்கியிருக்கிறார். 2001 ஜூலை 1 முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு மிகாத அளவு வைத்திருப்பது அங்கே குற்றமல்ல. விற்பது, கடத்துவது இன்றும் குற்றம். காவலர் பிடித்தால் பொருளைப் பறிமுதல் செய்துவிட்டு, ஆளை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புவார். சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். வந்தவர் எப்போதாவது பயன்படுத்துபவரா, அடிமைப்பட்டவரா என்று பேசிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பழக்கம் முற்றியவருக்கு மெத்தடோன் சிகிச்சை, தங்கும் இடம், வேலை என்று வழி காட்டுவார்கள். ஊசி வழியே எச்.ஐ.வி. தொற்றியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நூறுக்குக் கீழே வந்தது.

இதைப் பார்த்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, 58 விழுக்காட்டு ஆதரவோடு சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2021 பிப்ரவரியில் தண்டனை நின்றது. சிகிச்சை வரவில்லை. நூறு டாலர் அபராதச் சீட்டைக் கையில் கொடுத்து, ஓர் எண்ணை அழைத்துப் பேசினால் அபராதம் ரத்து என்றார்கள். அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சை மையங்களுக்கான பணம் மாதக்கணக்கில் தாமதமானது. அதே நேரத்தில் ஃபென்டனில் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. போர்ட்லாந்து நடைபாதைகளில் மக்கள் விழுந்து கிடந்தார்கள். 2024 செப்டம்பர் முதல் ஓரிகன் மீண்டும் தண்டனைக்கே திரும்பிவிட்டது.

தடையை விரும்புபவர்கள் ஓரிகனைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். போர்ச்சுகலிலும் 2012-ல் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி அந்தப் பணிக்கென இருந்த தேசிய நிறுவனத்தைக் கலைத்துப் பொறுப்பைப் பிரித்துப் போட்டார்கள். அடுத்த பத்தாண்டில் போர்த்தோ நகரத் தெருக்களில் ஊசிகள் மீண்டும் தென்பட ஆரம்பித்தன. அந்தக் காலத்தில் அங்கே தண்டனை திரும்பி வரவில்லை. ஆள்பலமும் பணமும்தான் குறைந்தன. தண்டனையை எடுப்பது பாதி வேலை. எடுத்த இடத்தில் மருத்துவரையும் ஆலோசகரையும் கொண்டுவந்து உட்கார வைக்காவிட்டால் அந்தப் பாதி வேலையும் வீணாகும்.

நாமே நடத்திப் பார்த்த சோதனை

அப்படியானால் விற்பனையையும் திறந்துவிட்டால் என்ன? தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒழுங்குமுறைச் சட்டம் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கியது. அமெரிக்காவில் கொலராடோவில் 2014-ல் கடைகள் திறந்த பிறகு, செடியைவிடப் பல மடங்கு வீரியமுள்ள சாறுகளும் இனிப்புகளும் அலமாரிகளை நிறைத்தன. கள்ளச் சந்தையில் கடத்தல்காரன் வீரியத்தைக் கூட்டுகிறான். திறந்த சந்தையில் நிறுவனம் கூட்டுகிறது. இதில் மாறுபட்டது உருகுவே. 2013-ல் சட்டம் இயற்றி, பதிவு செய்த குடிமக்களுக்கு மட்டும், மாதம் 40 கிராமுக்கு மிகாமல், விளம்பரம் இன்றி மருந்தகங்கள் வழியாகத் தருகிறது. எண்ணிப் பார்க்கத்தக்க முறைதான். ஆனால் அதைத் தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவு இல்லை. காரணம், போதையை அரசு விற்றால் என்ன ஆகும் என்று நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். சாராயத்தால் வந்த வருவாய் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் மீண்டும் மூடியது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. விற்பனை வரியும் தங்கிவிட்டது, மது வருவாயும் திரும்பிவிட்டது. 2025-ல் சுமார் 4,800 கடைகள் இருந்தன, ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது. தீபாவளிக்கு எவ்வளவு விற்றது என்பது செய்தியாகிறது. எந்தக் கட்சி வந்தாலும் கடைகளை ஒரேயடியாக மூட முடியாத நிலைக்கு நிதிநிலை அறிக்கையே அடிமைப்பட்டிருக்கிறது. எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி நாட்டில் மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். விற்பதற்கு இருக்கும் ஆர்வம் மீட்பதற்கு இல்லை.

மது சட்டப்படி கிடைக்கிற இந்த மாநிலத்தில்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே சாவு விழுந்திருந்தது. மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பு போகும், பிறகு மூச்சு. கூலி வேலை செய்பவர்கள் ஏன் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள்? டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் அளவில் இருந்தது. பாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. விடிவதற்கு முன்பே கிடைத்தது, வீட்டு வாசலிலேயே கிடைத்தது. பனை, தென்னையிலிருந்து இறக்கும் கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆக மென்மையானது தடுக்கப்பட்டிருக்கிறது, வீரியமானதை அரசே விற்கிறது, அதை வாங்க முடியாத ஏழைக்கு விஷம் கிடைக்கிறது. சட்டப்படி விற்றால் கள்ளச் சந்தை தானாக ஒழிந்துவிடும் என்று சொல்பவர்கள் கருணாபுரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். கருணாபுரத்துக்குப் பிறகு அரசு செய்தது, மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கூட்டியது. அந்தத் தெருவில் விதவைகளான பெண்களில் பலர் தங்கள் கணவர்களுக்கு எப்போதோ சிகிச்சை தேவைப்பட்டிருந்தது என்பதை அறிவார்கள். அது எந்தத் திருத்தத்திலும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தே என் கோரிக்கைகளை எழுதுகிறேன். 27-ஆம் பிரிவை நீக்க வேண்டும். சிறு அளவோடு பிடிபடுபவரைக் காவல் நிலையத்திலிருந்து மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும் முறையைச் சட்டமாக்க வேண்டும். இது ஆகாயத்திலிருந்து வருவதல்ல. அதே என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64-ஏ பிரிவு, அடிமைப்பட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதைப் பற்றிச் சொல்லும் சுவரொட்டி ஒன்றைக்கூட நான் எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை. பியூப்ரெனார்ஃபின் மாற்று சிகிச்சையை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குத் தருகிறது. அதை மாவட்டம்தோறும் கொண்டுவர வேண்டும். கஞ்சாவுக்குக் கடை வேண்டாம், தனியார் கடையும் வேண்டாம், அரசுக் கடையும் வேண்டாம். கள்ளின்மீதான தடையை எடுத்து, மதுக்கடைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் குறைக்கும் அட்டவணையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். 45,000 கோடியில் ஒரு சிறு பங்கையேனும் மீட்பு சிகிச்சைக்கென்று தனியாக ஒதுக்கி, செலவுக் கணக்கை வெளியிட வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் சிலருடைய வீட்டில் இந்த நோய் இருக்கும். பிள்ளையின் பையில் சுருட்டுத் தாளையோ ஊசியையோ பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதே என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். அடிக்காதீர்கள், வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். பெயர்ப்பலகை மட்டும் வைத்துக்கொண்டு சங்கிலியில் கட்டிவைக்கும் ‘மறுவாழ்வு மையங்களில்’ கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மனநலத் துறை இருக்கிறது. மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண் 14446.